மண்ணுக்குள் பூக்கும் ஆர்க்கிட்டைத் தொட்டியில் பெருக்கினால் போதாதா?

கேள்வி இது: மேற்கு ஆஸ்திரேலியாவில் மண்ணுக்குள்ளேயே பூக்கும் ஆர்க்கிட் ஒன்று 50-க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறதாம். ஆர்க்கிட்டுகளைத்தான் இன்று ஆய்வகங்களில் லட்சக்கணக்கில் உற்பத்தி செய்கிறார்களே, இதையும் அப்படியே பெருக்கித் திரும்ப நட்டால் என்ன? பூஞ்சை இல்லாமல் வளராது என்றால் பூஞ்சையையும் சேர்த்துப் போட்டுவிட்டால் ஆகாதா?

பூஞ்சையைச் சேர்த்துப் போட்டாலும் ஆகாது. அந்தப் பூஞ்சைக்குச் சோறு போடுகிற புதர் ஒன்று உயிரோடு பக்கத்தில் நிற்க வேண்டும். புதர், பூஞ்சை, ஆர்க்கிட் மூன்றும் இதே வரிசையில் அமைய வேண்டும். கடைசியில் வருவதை முதலில் நட்டால் சில மாதங்களில் அழுகிப்போகும். ஏன் என்பதையும், இதுவரை கைகூடியிருக்கும் முறையையும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

செடியின் பெயர் ரைசாந்தெல்லா கார்ட்னெரி. 1928 மே மாதத்தில், பெர்த் நகருக்குத் தென்கிழக்கே கோதுமை விளையும் பகுதியில், கோரிஜின் ஊரை ஒட்டிய தன் நிலத்தில் ஜாக் ட்ராட் என்ற விவசாயி மண்ணில் ஒரு விரிசலைப் பார்த்தார். குனிந்தபோது உள்ளிருந்து இனிய மணம் வந்தது. தோண்டிப் பார்த்ததில் கிடைத்ததுதான் இது. அதே ஆண்டில் ரோஜர்ஸ் என்ற ஆர்க்கிட் அறிஞர் இதை விவரித்து, தாவரவியலாளர் சார்லஸ் கார்ட்னரின் பெயரைச் சூட்டினார். 1979-ல் தென்கடற்கரைப் பக்கம் முங்லினப் அருகே கிடைத்ததையும் இதே இனம் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2018-ல் அது ரைசாந்தெல்லா ஜான்ஸ்டோனி என்று தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. பெயரை மாற்றியது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. இரண்டு இடங்களில் இருப்பதாக நம்பிய செடி ஒரே வட்டாரத்துக்குள், கோரிஜின் - பாபகின் சுற்றுப்புறத்துக்குள், ஒரே நாளில் சுருங்கிவிட்டது. 50-க்கும் குறைவு என்று பலரும் மேற்கோள் காட்டுவது பிரிப்பதற்கு முந்தைய எண்ணிக்கை. ஆகவே உண்மை நிலை அதைவிட மோசம். மேற்கு ஆஸ்திரேலிய மாநிலம் இதை மிக அருகிய இனமாகவே பட்டியலிட்டிருக்கிறது.

இதற்கு வேர் கிடையாது. இலை என்று சொல்ல வெளிறிய செதில்கள் மட்டும். பச்சையம் துளியும் இல்லை. விரல் தடிமனில் வெள்ளையாக, சதைப்பற்றான ஒரு தண்டுக்கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். ஆஸ்திரேலியக் குளிர்காலம் தொடங்கும் மே முதல் ஜூலைக்குள், கிழங்கின் நுனி மேல்நோக்கி வளர்ந்து ஒரு பூங்கொத்தாகிறது. வெளியே 6 முதல் 12 வரை வெளிர்ரோஜா கலந்த வெள்ளைச் செதில்கள் கிண்ணம்போல் குவிந்திருக்க, உள்ளே அடர்சிவப்பில் பல பத்துச் சிறு பூக்கள், சில சமயம் நூறு வரை. அந்தக் கிண்ணம்கூட வெளியே வருவதில்லை. சருகுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் ஆழத்திலேயே விரிகிறது. அதிகம் போனால் மண்ணில் ஒரு வெடிப்பு தெரியும், அவ்வளவுதான். சிறு ஈக்கள், கறையான், குளவி போன்றவை அந்த வழியாக உள்ளே போய் மகரந்தம் சுமக்கின்றன.

பள்ளிப் பாடப் புத்தகங்கள் பச்சையம் இல்லாத இத்தகைய செடிகளை மட்குண்ணி, சாறுண்ணி என்று எழுதிவந்தன. மக்கிய சருகிலிருந்து தானே உணவை உறிஞ்சிக்கொள்ளும் என்ற பழைய எண்ணம் அதில் இருக்கிறது. பூக்கும் செடி எதற்கும் அந்தத் திறமை இல்லை. புல்லுருவியோடு ஒப்பிடுவதும் பாதிதான் சரி. புல்லுருவி மரக்கிளைக்குள் தன் உறிஞ்சியை நேரடியாக இறக்குகிறது. ரைசாந்தெல்லா எந்த மரத்தின் வேரையும் தொடுவதே இல்லை. இடையில் ஒரு தரகர் இருக்கிறார், அவர்தான் பூஞ்சை. திருடுவதானாலும் தரகர் கையிலிருந்துதான் திருடுகிறது.

பூஞ்சை செராடோபசீடியம் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. இதன் மறுமுனை மெலலூக்கா புதரின் வேரில் இருக்கிறது. மெலலூக்கா, நாவல், கொய்யா, தைலமரம் எல்லாம் ஒரே குடும்பம். கடைகளில் விற்கும் டீ ட்ரீ ஆயில் எடுப்பதும் ஒரு மெலலூக்காவிலிருந்துதான். ஆர்க்கிட்டோடு சேர்ந்திருக்கும் புதரின் விறைப்பான மெல்லிய குச்சிகளைக் கட்டி அந்த ஊரில் வேலி அடைப்பார்கள். புதர் வெயிலில் சர்க்கரை தயாரித்து வேருக்கு அனுப்புகிறது. வேர் நுனியைப் போர்த்தியிருக்கும் பூஞ்சை அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, மண்ணிலிருந்து சத்தும் நீரும் திரட்டிக் கொடுக்கிறது. இதுவரை நியாயமான கொடுக்கல் வாங்கல். அதே பூஞ்சை இழைகள் ஆர்க்கிட் கிழங்கின் மேலுள்ள மயிர்த்தூவிகள் வழியே உள்ளே நுழைந்து, செல்களுக்குள் நூல்கண்டுபோல் சுருள்கின்றன. இந்தச் சுருளுக்குப் பெலோட்டான் என்று பெயர். சில நாட்களில் ஆர்க்கிட் அந்தக் கண்டைச் செரித்துவிடும். மீண்டும் புதிய இழை நுழையும், மீண்டும் செரிக்கும்.

இது ஊகம் அல்ல, 2010-ல் வெளியான ஒரு சோதனை காட்டியது. புதரும் ஆர்க்கிட்டும் சேர்ந்து வளரும் தொட்டிகளில், புதரின் இலைகளுக்கு மட்டும் கார்பன்-13 என்ற, சற்றே கனமான கார்பனால் அடையாளமிட்ட கரியமில வாயுவைக் கொடுத்தார்கள். பின்னர் அந்தக் கார்பன் மண்ணுக்கடியில் ஆர்க்கிட்டின் உடலில் இருந்தது. மண்ணில் சேர்த்த, அடையாளமிட்ட கிளைசின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜனும் பூஞ்சை வழியாக அதற்குள் போயிருந்தது. ஆக, கார்பன் புதரிடமிருந்து, நைட்ரஜன் மண்ணிலிருந்து, இரண்டுக்கும் பாதை பூஞ்சை. பதிலுக்கு ஆர்க்கிட் ஏதாவது தருகிறதா என்றால், தருவதாக யாரும் இன்னும் காட்டவில்லை.

இந்த ஏற்பாடு எத்தனை பழையது என்பதற்கு ஆர்க்கிட்டின் பசுங்கணிகமே, அதாவது செடிகளின் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பே, சாட்சி. சாதாரணச் செடியின் பசுங்கணிக டிஎன்ஏ ஒன்றரை லட்சம் எழுத்து இணைகளை ஒட்டியிருக்கும். 2011-ல் ரைசாந்தெல்லாவினுடையதைப் படித்தபோது 59,190 இணைகள்தான் இருந்தன. ஒளிச்சேர்க்கைக்கான ஜீன்கள் எல்லாம் போய்விட்டன. கொழுப்பு அமிலம் தயாரிப்பது போன்ற, வேறு வழியில்லாத சில வேலைகளுக்கானவை மட்டும் மிச்சம். இங்கேதான் கேள்வியின் முதல் பாதி விழுந்துவிடுகிறது.

கடையில் விற்கும் ஆர்க்கிட்டுகளை லட்சக்கணக்கில் உற்பத்தி செய்ய முடிவது எப்படி? ஆர்க்கிட் விதைக்குள் சேமித்த உணவு கிடையாது. காட்டில் அது முளைக்கப் பூஞ்சை வேண்டும் என்பதை 1899-ல் பிரான்சில் நோயல் பெர்னார் கண்டார். அதுவும் இதைப் போலவே பச்சையம் இல்லாத ஓர் ஆர்க்கிட்டின் நாற்றுகளில். 1922-ல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகார் என்ற கடற்பாசிக் கூழில் பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்க வைத்தார். இன்றைய ஆர்க்கிட் தொழிலே அந்த அகார் மேல்தான் நிற்கிறது. ஆனால் சர்க்கரை முதல் சில மாதங்களுக்குத்தான். அதற்குள் இலை விட்டுத் தானே சமைத்துக்கொள்ளும் செடிகளுக்கு மட்டுமே இந்தக் குறுக்குவழி பொருந்தும். ரைசாந்தெல்லாவுக்கு அந்த நாள் வரவே வராது. குடுவையிலிருந்து வெளியே எடுத்த அன்றே அதற்குப் பட்டினி.

சரி, முறைக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் ஜாக் வார்கப் 1985-ல் இந்த ஆர்க்கிட், அதன் பூஞ்சை, மெலலூக்கா மூன்றின் உறவையும் விவரித்து, பூஞ்சையேற்றிய மெலலூக்கா தொட்டிகளில் விதை முளைப்பதையும் காட்டினார். அடிப்படை இன்றும் அதுதான்.

முதல் வேலை புதர். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மெலலூக்கா அன்சினேட்டா என்று ஒரே பெயரில் அழைத்துவந்த புதர்க் கூட்டத்தை 2004-ல் பல இனங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் மெலலூக்கா ஸ்கலேனாவும் ஆர்க்கிட்டுக்குப் புரவலராக இருக்கிறது. பழைய பெயர்ச்சீட்டை நம்பி நாற்றங்காலில் விதை வாங்கினால் வேறு இனம் வந்து சேரலாம். ஆர்க்கிட் இருக்கும் புதரடியிலிருந்தே விதை எடுப்பதுதான் பிழையில்லாத வழி. மரத்தன்மையுள்ள காய்களைக் காகிதப் பையில் போட்டு உலர விட்டால் தாமாக வெடித்து மணல்போல விதை கொட்டும். நாற்று மண்ணை 60 டிகிரி செல்சியஸ் நீராவியில் அரை மணி நேரம் சுட வைத்து ஆற விட வேண்டும். வேண்டாத பூஞ்சைகள் போக வேண்டும் என்பதற்காக இது. நாற்றங்கால்களில் காற்றோடு வந்து வேரில் குடியேறும் வேர்ப்பூஞ்சைகள் உண்டு, தெலிஃபோரா அவற்றில் பேர்போனது. அது முந்திக்கொண்டு வேர்நுனிகளைப் பிடித்துவிட்டால் நாம் தரும் பூஞ்சைக்கு இடமிருக்காது. தொட்டிகளைத் தரையில் வைக்காமல் கம்பி மேடையில் வைப்பதும், வேறு நாற்றுகளோடு கலக்காமல் இருப்பதும் இதற்காகவே.

உரத்தில் கை இறுக்கம் அவசியம். பாஸ்பரஸ் தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சையோடு சேர்வதில் ஆர்வம் காட்டாது, அதற்குச் சர்க்கரை கொடுப்பதையும் குறைத்துக்கொள்ளும். நாற்று கொழுகொழுவென்று பசுமையாக நிற்கும், வேரில் பூஞ்சை இருக்காது. பார்வைக்கு நன்றாக இருக்கும் தொட்டிதான் இந்த வேலையில் சந்தேகத்துக்குரியது.

இரண்டாவது, பூஞ்சையைப் பிடிப்பது. வழக்கமான வழி கிழங்கின் மேற்பகுதியிலிருந்து சில மில்லிமீட்டர் சீவல் எடுப்பது. மொத்தமே சில பத்துச் செடிகள் உள்ள இனத்தில் அதற்கும் மனம் வராது. வேண்டுமானால் ஒரே செடியில் ஒரே முறை, அதுவும் செடி நன்கு வளரும் ஈரப் பருவத்தில் எடுக்க வேண்டும். அப்போதுதான் செரிக்காத, தளர்வான பெலோட்டான்கள் கிடைக்கும். செரித்து முடிந்தவை மஞ்சளாகக் கட்டிதட்டிப் போயிருக்கும், அவற்றிலிருந்து எதுவும் வளராது. சீவலை ஈரத் தாளில் சுற்றிக் குளிர்ச்சியாக வைத்து, ஓரிரு நாளுக்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

மேல்தோலை அகற்றி, நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் செல்களைக் கிளறிச் சுருள்களை வெளியே எடுத்து, தூய்மையாக்கிய நீரில் குறைந்தது 4, 5 முறை கழுவ வேண்டும். பாக்டீரியாவைத் தடுக்க லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த அகாரில் தனித்தனியாக வைத்து, 20 முதல் 25 டிகிரியில் இருட்டில் விடலாம். ஒன்று முதல் நான்கு நாளுக்குள் சுருளிலிருந்தே இழை கிளம்புகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். இங்கே சோம்பல் பட்டால் எல்லாம் போயிற்று. ஒரு வாரம் கழித்துத் தட்டு நிறைய வளர்ந்திருப்பது பெரும்பாலும் ட்ரைக்கோடெர்மா, பெனிசிலியம் போன்ற அழையா விருந்தாளிகள். எந்த இழை எந்தச் சுருளிலிருந்து வந்தது என்று அப்போது சொல்ல முடியாது. சுருளிலிருந்து வந்ததைக் கண்ணால் பார்த்த இழையின் நுனியை மட்டும் வெட்டிப் புதிய தட்டுக்கு மாற்ற வேண்டும்.

பிடித்தது சரியான ஆள்தானா என்று முதல் பார்வையிலேயே ஓரளவு தெரியும். இந்த வகைப் பூஞ்சையின் இழை ஏறக்குறைய செங்கோணத்தில் கிளைக்கும், கிளை தொடங்கும் இடத்தில் சற்று இடுங்கியிருக்கும், அதை ஒட்டி ஒரு குறுக்குச் சுவர் இருக்கும், செல்லுக்கு இரண்டு உட்கருக்கள். ஆனால் பயிர்களில் வேரழுகல் உண்டாக்கும் ரைசோக்டோனியாக்களும் கிட்டத்தட்ட இதே சாயலில்தான் இருக்கும். டிஎன்ஏ பார்த்து உறுதி செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. உறுதியான வளர்ப்பை மாதக்கணக்கில் தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொண்டே இருப்பதும் தவறு. இனிப்பான அகாரில் சொகுசாக வாழப் பழகிய பூஞ்சை, செடியோடு சேரும் திறனை மெல்ல இழந்துவிடுவதுண்டு. ஆரம்பத்திலேயே ஒரு பகுதியைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், பாதுகாத்து வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் பச்சை ஆர்க்கிட்டுகளுக்கு வேலை எளிது. ஒரு லிட்டர் நீரில் இரண்டரை கிராம் ஓட்ஸ் பொடியும் 8 முதல் 10 கிராம் அகாரும் கலந்து, அமிலநிலையை (pH) 5.5-ஐ ஒட்டி வைத்து, 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வேகவைத்த தட்டில், விதையையும் பூஞ்சையையும் சேர்த்துத் தூவினால் பல இனங்கள் வாரங்களில் முளைத்துவிடும். பூஞ்சை ஓட்ஸைத் தின்று விதைக்கும் ஊட்டும். ஓட்ஸின் அளவைக் கூட்டினால் ஆபத்து: உணவு மிஞ்சிய பூஞ்சை கொழுத்து விதையையே தின்றுவிடும். ரைசாந்தெல்லாவுக்கு இந்தத் தட்டு ஒரு தற்காலிகச் சத்திரம் மட்டுமே. ஓட்ஸ் தீர்ந்ததும் பூஞ்சை பட்டினி, பூஞ்சை பட்டினியானால் ஆர்க்கிட்டும் பட்டினி.

ஆகவே மூன்றாவது படி, பூஞ்சையைப் புதரோடு மணம் முடிப்பது. அவித்துத் தூய்மையாக்கிய தினையிலோ, ஊட்டக் கரைசலில் நனைத்த வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகளிலோ பூஞ்சையை வளர்த்து, நாற்றின் மெல்லிய வேர்களை ஒட்டிச் சில இடங்களில் வைக்க வேண்டும். தானியத்தைப் பயன்படுத்தினால் முன்னதாக நன்றாகக் கழுவிவிட வேண்டும், மிஞ்சிய மாவு மண்ணில் எல்லா அழுகல் பூஞ்சைகளையும் அழைத்து வரும். பிறகு மாதக்கணக்கில் காத்திருந்து, சில வேர்நுனிகளை வெட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நுனியைச் சுற்றிப் பூஞ்சை உறை இருக்க வேண்டும், வேரின் வெளிச்செல்களுக்கு இடையே இழைகள் வலைபோல் புகுந்திருக்க வேண்டும். இதைப் பார்க்கும் வரை விதைப் பொட்டலத்தைத் திறக்கக் கூடாது. தோல்வியடையும் முயற்சிகளில் பெரும்பங்கு இந்தப் பொறுமையின்மையால்தான் என்பது என் கணிப்பு. விதை கையில் இருக்கிறது, வயதாகிக்கொண்டிருக்கிறது, போட்டுவிடலாம் என்ற அவசரம்.

விதை பற்றியும் சொல்லியாக வேண்டும். மற்ற ஆர்க்கிட்டுகளின் காய் வெடித்துத் தூசிபோல் ஆயிரக்கணக்கான விதைகளைக் காற்றில் விடும். இதன் காய் வெடிக்காது. சதைப்பற்றானது, முதிர ஆறு மாதமாவது ஆகும், உள்ளே 50 முதல் 150 வரை ஓடு தடித்த விதைகள். மண்ணுக்குள் காற்றுக்கு வேலையில்லை, யாராவது தின்று பரப்ப வேண்டும். பெட்டாங் போன்ற, மண்ணைக் கிளறிப் பூஞ்சை தின்னும் சிறு பாலூட்டிகள் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அவை நரிக்கும் பூனைக்கும் இரையாகி அந்த வட்டாரத்தை விட்டே போய்விட்டன. காய் இருந்த இடத்திலேயே மக்குகிறது. இயற்கையாகக் காய்ப்பதும் குறைவு, எனவே விதை வேண்டுமென்றால் பூக்கும்போது மெல்லிய குச்சியால் கையாலேயே மகரந்தம் மாற்றிவிட வேண்டியிருக்கும். மாற்றிய பூவை ஆறு மாதம் நத்தை, பூச்சியிடமிருந்து வலைக்கூண்டு போட்டுக் காக்க வேண்டும்.

விதை உயிரோடு இருக்கிறதா என்பதை 1 சதவீத டெட்ரசோலியம் கரைசலில் ஊறவைத்துப் பார்க்கலாம். உயிருள்ள கரு சிவக்கும். தடித்த ஓட்டை முதலில் கீறாவிட்டால் கரைசல் உள்ளே போகாது, நல்ல விதையையும் செத்தது என்று எழுதிவிடுவோம். சேமிப்பதானால் 15 டிகிரியில், 15 சதவீதக் காற்று ஈரப்பதத்தில் உலர்த்திப் பின் மைனஸ் 20-ல் வைப்பது ஆர்க்கிட் விதைகளுக்குப் பொதுவான நடைமுறை.

விதையை நேராக மண்ணில் தூவினால் திரும்பக் கண்டுபிடிக்கவே முடியாது. 1993-ல் ராஸ்முசன், விகம் என்ற ஆய்வாளர்கள் தரையில் வளரும் ஆர்க்கிட்டுகளுக்காக எழுதிய எளிய உத்தி இங்கே கைகொடுக்கிறது: ஏறத்தாழ 50 மைக்ரான் கண்ணுள்ள நைலான் வலையில் விதைகளை வைத்து மடித்து, பழைய ஸ்லைடு படச் சட்டத்தில் செருகிப் புதைப்பது. பூஞ்சை இழை சில மைக்ரான் தடிமன்தான், தாராளமாக உள்ளே வரும். விதை வெளியே போகாது. ஒவ்வொரு சட்டத்திலும் மீன்பிடி நரம்பைக் கட்டி மறுமுனையை மண்ணுக்கு வெளியே விட்டால் தேடித் தோண்ட வேண்டியதில்லை. பூஞ்சையேற்றிய மெலலூக்காவின் மெல்லிய வேர்களை ஒட்டி, சருகுக்குக் கீழே சில சென்டிமீட்டரில் இதை வைக்கலாம். இதே பொட்டலம் காட்டில் உளவாளியாகவும் வேலை செய்யும். ஆர்க்கிட் கண்ணில் படாத ஒரு புதர்க்காட்டில் புதைத்து வைத்து, விதை முளைத்தால் அங்கே சரியான பூஞ்சை இருக்கிறது என்று பொருள். முளைக்காவிட்டால் அவசரப்பட்டு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம், அந்த ஆண்டு வறட்சியாகவும் இருந்திருக்கலாம்.

முளைத்தது முதலில் ஒரு வெள்ளை உருண்டை. அதை எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றும் ஆசையை அடக்க வேண்டும். தூக்கும் கணத்தில் இழைகள் அறுகின்றன, புதிய தொட்டியில் புதிய இழை வந்து சேரும் வரை அதற்கு உணவு இல்லை. நட வேண்டியது ஆர்க்கிட்டை அல்ல, புதரோடும் மண்ணோடும் சேர்ந்த அந்தத் தொட்டி முழுவதையும். ஒருமுறை ஊன்றிவிட்டால் விதை இல்லாமலும் பெருகும்: பூத்த கிழங்கு மடிந்து, பக்கத்தில் மூன்று வரை சேய்க்கிழங்குகள் விடும்.

இத்தனையும் சரியாக அமைந்து காட்டுக்கு எடுத்துப் போனாலும், எங்கே நடுவது என்பதுதான் பெரிய இடி. கோதுமைப் பகுதியில் இயற்கைத் தாவரங்களை அநேகமாக முழுக்க அழித்துத்தான் வயலாக்கினார்கள். மிஞ்சியவை வயல்களுக்கு நடுவே தீவுபோன்ற துண்டுகள். ஆழவேர்ச் செடிகள் போனதால் நிலத்தடி நீர் மேலேறி, கூடவே உப்பையும் கொண்டுவருகிறது. அங்கே ஆண்டு மழையே 350 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் குளிர்கால மழை 1970-களுக்குப் பின் 15 முதல் 20 சதவீதம் வரை குறைந்துவிட்டது. சரியாக இந்த ஆர்க்கிட் பூக்கும் மாதங்களில் வரும் மழைதான் அது. மேல்மண் காய்ந்தால் பூஞ்சை சுருண்டுகொள்ளும். புதர்கள் முதிர்ந்து, கிளைகள் ஒடிந்து, மேற்கூரை திறந்துகொண்டால் வெயில் நேராகத் தரையில் விழும், சருகுப் போர்வை மெலியும். ஆர்க்கிட் கிழங்கு அப்படியே இருக்கும், அதன் வீடு மட்டும் மேலிருந்து கலைந்துகொண்டிருக்கும்.

அதனால் என்னிடம் கேட்டால், பணமும் ஆளும் குறைவாக இருக்கும்போது முதலில் செய்ய வேண்டியது ஆய்வக விதை முளைப்பு அல்ல, இருக்கும் புதர்த் துண்டுகளின் ஓரங்களில் உள்ளூர் மெலலூக்காவை நெருக்கமாக நட்டு விரிவாக்குவது. புதர் அடர்ந்து சருகு சேர ஆண்டுகள் பல ஆகும். அது தயாராகும் காலத்தில் விதையும் பூஞ்சையும் குளிரூட்டியில் காத்திருக்கலாம், எதிர்த்திசையில் காத்திருக்க முடியாது. தீயை அண்டவிடாமல் இருப்பதும், பக்கத்து வயலின் உரமும் களைக்கொல்லியும் அடித்துவராமல் ஓரத்தில் இடைவெளி விடுவதும் இதோடு சேர்ந்தவை.

கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒன்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் எபிபோஜியம் ரோசியம், அஃபில்லோர்கிஸ் மொண்டானா என்று பச்சையமற்ற ஆர்க்கிட்டுகள் உண்டு. மண்ணுக்கு மேலே பூப்பவைதான், ஆனால் வாழ்வது பூஞ்சையின் தயவில். மழைக்குப் பின் சோலைக்காட்டுச் சருகில் இலையே இல்லாத வெளிறிய தண்டு ஒன்று பூவோடு நிற்பதைப் பார்த்தால், வேரோடு பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவதில் பயனே இல்லை. காரணம் மேலே சொன்னதுதான். படம் எடுங்கள், இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

கடைசியாக, நட்ட பிறகு எப்படிக் கண்காணிப்பது என்பதும் இந்தச் செடிக்கு ஒரு தனிச் சிக்கல். மேலே எதுவும் தெரியாது. மே - ஜூலையில், புதரின் அடியில் மண்டியிட்டு, விரலாலோ மென்மையான தூரிகையாலோ சருகை மட்டும் ஒதுக்கிப் பார்த்து, பார்த்ததும் அதே வரிசையில் மூடிவிட வேண்டும். ஒரே ஆள், ஒரே பாதை, ஆண்டுக்கு ஒரு முறை போதும். தேடுகிறவர்களின் கால்களே மண்ணை இறுக்கி, மேலாக ஓடும் இழைகளை அறுத்துவிடும். ஓராண்டு பூ தென்படவில்லை என்றால் செத்துவிட்டது என்று எழுதாமல் "பூக்கவில்லை" என்று மட்டும் எழுதி வைக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் கிழங்கு பூவே விடாமல் உள்ளேயே கிடந்துவிடலாம். தோண்டிப் பார்த்து உறுதி செய்யப் போனால், அதுவரை உயிரோடு இருந்ததும் அன்றோடு போய்விடும்.